மறைத்து வாங்கிய கடன்: ஆப்பிரிக்காவில் கடன் நிவாரணமும் ஊழல் ஒழிப்பும்

ஆப்பிரிக்க நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம், முதலில் அந்நாடுகள் தங்கள் ஊழலை ஒழிக்கட்டும் என்ற மறுமொழி உடனே வந்துவிடுகிறது. தள்ளுபடியால் மிச்சமாகும் பணம் ஆட்சியாளர்களின் வெளிநாட்டு வங்கிக் கணக்குகளுக்கே போய்ச் சேரும் என்று கடன் கொடுத்த நாடுகள் வாதிட்டன. ஆட்சியாளர் செய்த குற்றத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் தண்டிப்பது எந்த வகை நியாயம் என்று தேவாலயங்களும் தொண்டு அமைப்புகளும் கேட்டன. இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆயினும் ஆப்பிரிக்காவின் பெரிய ஊழல்கள் சில கடன் ஒப்பந்தத்துக்குள்ளேயே பிறந்தவை. அந்த ஒப்பந்தத்தில் நாட்டின் பெயரால் யார் கையெழுத்திட்டார், அது எவருக்குத் தெரிந்திருந்தது, எவரிடமிருந்து மறைக்கப்பட்டது என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டுப் பேசினால், நிவாரணமும் நிலைக்காது, ஊழல் ஒழிப்பும் நடவாது என்பதே இவ்வுரை முன்வைக்கும் வாதம்.

கடன் வந்த வழியை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆப்பிரிக்காவின் கடன் முழுவதும் ஊழலால் விளைந்ததன்று. 1973-இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபோது எண்ணெய் வள நாடுகள் ஈட்டிய டாலர்கள் மேலை நாட்டு வங்கிகளில் குவிந்தன. அவற்றை எப்படியேனும் வட்டிக்கு விட்டாக வேண்டிய நிலையில் இருந்த வங்கிகள், விடுதலை பெற்றுப் பத்துப் பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்த அரசுகளின் வாசலில் வந்து நின்றன. அதே காலத்தில் சாம்பியாவின் ஏற்றுமதியில் பெரும்பங்கு வகித்த செம்பின் விலை 1975-இல் சரிந்தது. பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கி 1979 முதல் வட்டி விகிதத்தைக் கடுமையாக உயர்த்தியபோது, பழைய கடனின் வட்டியைக் கட்டவே புதிய கடன் வாங்கும் நிலைக்கு அந்த அரசுகள் தள்ளப்பட்டன. நேர்மையான அரசும் இந்தச் சுழலில் சிக்கியிருக்கும்; தான்சானியா போன்ற நாடுகள் சிக்கவும் செய்தன.

ஆனால் சயீர், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு, வேறு வகை. 1965-இல் ஆட்சியைக் கைப்பற்றிய மொபுட்டு செசே செகோ, நாட்டின் கருவூலத்துக்கும் தம் சொந்தப் பணப்பைக்கும் இடையே எந்த எல்லையையும் வைத்துக்கொள்ளவில்லை. நாட்டின் மத்திய வங்கியைச் சீர்படுத்தும் பொருட்டுச் சர்வதேச நாணய நிதியம் 1978-இல் ஜெர்மனியின் மத்திய வங்கி அதிகாரியான எர்வின் புளூமென்தாலை அங்கு அனுப்பியது. வங்கியின் அந்நியச் செலாவணி அதிபரின் குடும்பத்துக்கும் அவரைச் சூழ்ந்தவர்களுக்கும் எப்படிப் போகிறது என்பதைக் கணக்குப் புத்தகங்களிலேயே கண்ட அவர், 1982-இல் எழுதிய அறிக்கையில், ஊழலே இங்கு ஆட்சிமுறை என்றும், கடன் கொடுத்தவர்கள் தங்கள் பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு வாய்ப்பே இல்லை என்றும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிவித்தார். அந்த அறிக்கைக்குப் பின்னரும் பல ஆண்டுகள் கடன் வந்துகொண்டே இருந்தது. பனிப்போர்க் காலத்தில் மொபுட்டு மேலை நாடுகளின் கூட்டாளியாக இருந்தார் என்பதும், அங்கோலா எல்லையில் அப்படியொரு நண்பர் தேவைப்பட்டார் என்பதுமே அதற்குக் காரணம்.

அக்கடன்களில் ஒரு பகுதி இங்கா அணையிலிருந்து ஷாபா மாகாணத்தின் செம்புச் சுரங்கங்கள் வரை சுமார் 1,700 கிலோமீட்டர் நீண்ட உயர் அழுத்த மின்தடமாக மாறியது. நேர்மின்னோட்டத்தில் இயங்கும் அவ்வகைத் தடத்திலிருந்து இடையில் மின்சாரத்தைப் பிரித்தெடுப்பது மிகுந்த செலவு பிடிக்கும் வேலை என்பதால், கம்பிகள் தலைக்கு மேலே ஓடியும் வழிநெடுகிலும் இருந்த ஊர்கள் இருட்டிலேயே இருந்தன. மொபுட்டுவின் ஊரான பாடோலிட்டேயிலோ, காட்டின் நடுவே மாளிகைகளும் கான்கார்ட் விமானம் வந்திறங்கக்கூடிய ஓடுதளமும் எழுந்தன. 1997 மே மாதத்தில் அவர் நாட்டை விட்டு ஓடியபோது, அந்த இருட்டில் வாழ்ந்தவர்களின் பெயரிலேயே கடன் நின்றது.

தகப்பன் சூதாடி வைத்த கடனுக்கு மகனின் நிலத்தை ஜப்தி செய்வது ஊர் வழக்கிலேயே மனத்தைக் குத்தும் செயல். கடன் கொடுத்தவர் சூதாட்டத்தை அறிந்தே கொடுத்தார் என்று தெரிந்தால் ஊரார் அவர் பக்கம் நிற்க மாட்டார்கள். ரஷ்யச் சட்ட அறிஞர் அலெக்சாண்டர் சாக் 1927-இல் இந்த நியாயத்தைச் சட்ட மொழியில் வகுத்தார். மக்களின் ஒப்புதல் இன்றி, அவர்களுக்குப் பயன்படாத நோக்கத்துக்காக, இவ்விரண்டையும் கடன் கொடுத்தவர் அறிந்திருந்தும் வாங்கப்பட்ட கடன், அதை வாங்கிய ஆட்சியாளரின் சொந்தக் கடனே என்றும், ஆட்சி மாறியபின் அது நாட்டைக் கட்டுப்படுத்தாது என்றும் அவர் எழுதினார். வெறுக்கத்தக்க கடன் என்று அழைக்கப்படும் இக்கோட்பாட்டை இன்றுவரை எந்தப் பன்னாட்டு உடன்படிக்கையும் ஏற்றுக்கொள்ளவில்லை. மொபுட்டு காலக் கடனுக்கும் அது பயன்படவில்லை. 2010 ஜூலையில் காங்கோவுக்கு 1,230 கோடி டாலர் அளவுக்கு நிவாரணம் கிடைத்தபோது, ஏழை நாட்டுக்கு இரங்கிச் செய்த உதவியாகவே அது வழங்கப்பட்டது. கொடுத்தவர்களின் தவறு எந்த ஆவணத்திலும் பதிவாகவில்லை என்பதை இவ்வுரை ஒரு சிறிய குறையாகக் கருதவில்லை. பிற்காலத்தில் நடந்தவற்றுக்கு அந்த மௌனமே வழிவிட்டது.

அந்த நிவாரணத்தின் பெயர் கடன்சுமை மிகுந்த ஏழை நாடுகளுக்கான திட்டம் என்பதாகும். உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் 1996-இல் அதைத் தொடங்கின. 1998 மே மாதத்தில் பர்மிங்காமில் பணக்கார நாடுகளின் தலைவர்கள் கூடியபோது சுமார் 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாய் நின்று கடன் தள்ளுபடியைக் கோரினர். அவ்வியக்கத்தின் அழுத்தத்தால் 1999-இல் திட்டம் விரிவடைந்தது. ஒரு நாடு முதலில் வறுமை ஒழிப்புத் திட்டம் ஒன்றை எழுதி, நாணய நிதியம் சொல்லும் சீர்திருத்தங்களை ஏற்று, முடிவெடுப்புக் கட்டத்தை அடைய வேண்டும். பின்னர் அவற்றை நிறைவேற்றிக் காட்டி நிறைவுக் கட்டத்தை எட்டினால்தான் தள்ளுபடி உறுதியாகும். 2005 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் எடுக்கப்பட்ட முடிவின்படி, நிறைவுக் கட்டத்தை எட்டிய நாடுகள் நாணய நிதியத்துக்கும், உலக வங்கியின் சலுகைக் கடன் பிரிவுக்கும், ஆப்பிரிக்க வளர்ச்சி நிதிக்கும் தர வேண்டிய தகுதியுள்ள பழைய கடன் முழுவதும் நீக்கப்பட்டது. தொடக்கத் திட்டத்தின் வழியே மட்டும் 37 நாடுகள் ஏறத்தாழ 7,600 கோடி டாலர் அளவுக்கு நிவாரணம் பெற்றன. அவற்றுள் 31 நாடுகள் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. சோமாலியா 2023 டிசம்பரில்தான் நிறைவுக் கட்டத்தை எட்டியது.

இந்தப் பணம் திருடுபோனதா என்ற கேள்விக்கு உகாண்டாவின் அனுபவம் விரிவாகவே பேசத் தக்கது. 1998 ஏப்ரலில் இத்திட்டத்தின்கீழ் முதலில் நிவாரணம் பெற்ற நாடு அதுவே. அதற்கு முன்பே, 1996-இல், அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒதுக்கப்படும் பணம் எங்கே போகிறது என்று 250 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. மாணவர் எண்ணிக்கையைக் கணக்கிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று தலைநகர் கம்பாலாவிலிருந்து மாவட்ட அலுவலகங்களுக்கு மானியம் அனுப்பப்பட்டு வந்தது. புத்தகம், சுண்ணக்கட்டி, நாற்காலி போன்ற செலவுகளுக்கான மானியம் அது. 1991 முதல் 1995 வரையிலான கணக்கைப் பார்த்தபோது, அனுப்பப்பட்ட தொகையில் சராசரியாக 13 விழுக்காடு மட்டுமே பள்ளிகளை அடைந்திருந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு ஷில்லிங் கூட வரவில்லை. எஞ்சிய பணம் மாவட்ட அளவில் அதிகாரிகளாலும் உள்ளூர் அரசியல்வாதிகளாலும் வேறு செலவுகளுக்குத் திருப்பப்பட்டிருந்தது. அதைவிட முக்கியமான செய்தி, அப்படியொரு மானியம் உண்டு என்பதே பல பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் தெரியாது என்பதாகும். தெரியாத ஒன்றைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லை.

அரசு அதற்குப் பின்னர் செய்தது மிக எளிய வேலை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எந்த மாதம் எவ்வளவு அனுப்பப்பட்டது என்பதை நாளிதழ்களில் அச்சிட்டது; வானொலியிலும் அறிவித்தது; தனக்கு வந்து சேர்ந்த தொகையைப் பள்ளி ஒவ்வொன்றும் எல்லாரும் பார்க்கும்படி எழுதி ஒட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. தகரக் கூரை போட்ட ஒரு கிராமப் பள்ளியின் சுவரில் ஒட்டிய அந்தத் தாளில் ஒரு தேதியும் ஒரு தொகையும்தான் இருக்கும். ஆனால் செய்தித்தாளில் வந்த தொகையையும் சுவரில் இருக்கும் தொகையையும் எழுத்தறிந்த ஒரு பெற்றோர் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், இடையில் எவ்வளவு காணாமற்போனது என்பது தெரிந்துவிடும். 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பள்ளிகளை அடைந்த பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. இம்மாற்றம் முழுவதையும் நாளிதழ் அறிவிப்புக்கே உரியதாக்குவது சரியன்று என்று பின்னர் சில பொருளாதார அறிஞர்கள் சுட்டிக்காட்டினர். கருவூல நிர்வாகமும் அதே ஆண்டுகளில் சீரானது, கண்காணிப்பும் கூடியது. அத்திருத்தம் ஏற்கத் தக்கதே. ஆயினும், பணம் தமக்குரியது என்று பயனாளிக்குத் தெரிந்த நாள் முதல், அதைத் திருடுவது மேலும் கடினமாயிற்று என்பதை எவரும் மறுக்கவில்லை.

கடன் நிவாரணத்தால் மிச்சமான தொகைக்கும் உகாண்டா இந்த ஏற்பாட்டையே செய்தது. வறுமை ஒழிப்பு நிதி என்ற தனித் தலைப்பை 1998-இல் வரவுசெலவுத் திட்டத்துக்குள் ஏற்படுத்தி, தொடக்கக் கல்வி, குடிநீர், ஊரக மருத்துவம், ஊரகச் சாலை ஆகியவற்றுக்கு மட்டுமே அதிலிருந்து செலவிட முடியும் என்று விதித்தது. செலவுக் கணக்கைத் தொண்டு அமைப்புகளும் பார்த்தன. 1997-இல் தொடக்கக் கல்வியில் கட்டணம் நீக்கப்பட்டதால் மாணவர் எண்ணிக்கை சுமார் 30 லட்சத்திலிருந்து ஓரிரு ஆண்டுகளில் 50 லட்சத்துக்கு மேல் உயர்ந்திருந்த நேரம் அது. நிவாரணப் பணம் வந்திராவிட்டால் அத்தனை பிள்ளைகளுக்கு ஆசிரியர் சம்பளம் எங்கிருந்து வந்திருக்கும் என்பது நியாயமான கேள்வி. உகாண்டாவில் ஊழல் ஒழிந்துவிட்டது என்று இதனால் ஆகிவிடாது; பிற்காலத்தில் அங்கே வேறு பெரிய மோசடிகள் வெளிப்பட்டன. ஊழல் முற்றும் ஒழியும்வரை நிவாரணம் காத்திருக்க வேண்டும் என்ற வாதம் இந்தச் சான்றின் முன் நிற்கவில்லை என்பதே இங்கு சொல்லத் தகுவது.

நைஜீரியாவில் நிதி அமைச்சராக இருந்த என்கோசி ஒகோன்ஜோ இவேலா 2004 முதல் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் மாதந்தோறும் வழங்கப்பட்ட எண்ணெய் வருவாய்ப் பங்கை நாளிதழ்களில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, அரசுகள் தமக்குத் தர வேண்டிய கடனைச் சேர்ந்து பேசித் தீர்க்கும் பாரிஸ் கிளப் என்ற கூட்டமைப்பு, ஏறத்தாழ 3,000 கோடி டாலர் கடனில் 1,800 கோடியை நீக்க இசைந்தது. எஞ்சிய 1,200 கோடியை நைஜீரியா கட்டித் தீர்த்தது. அதே நாட்டின் முன்னாள் படைத்துறை ஆட்சியாளர் சானி அபாச்சா சுருட்டி வெளிநாடுகளில் பதுக்கிய பணத்தைத் திரும்பப் பெறும் வேலையோ, அவர் 1998-இல் இறந்து இருபது ஆண்டுகள் ஆன பின்னரும் முடியவில்லை. சுவிட்சர்லாந்திலிருந்து கிட்டத்தட்ட 32 கோடி டாலரை உலக வங்கியின் மேற்பார்வையில் ஏழைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்து தருவதற்கான உடன்பாடு 2017 டிசம்பரில்தான் கையெழுத்தானது. திருட்டுப் பணத்தைப் பூட்டி வைத்த வங்கிகள் அதுவரை அதைப் பயன்படுத்திக்கொண்டன. முன்னாள் தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ எம்பெக்கி தலைமையிலான குழு 2015-இல் கணக்கிட்டபடி, ஆப்பிரிக்காவிலிருந்து ஆண்டுதோறும் சட்டவிரோதமாக வெளியேறும் பணம் 5,000 கோடி டாலருக்கும் மேல்; அதில் பெரும்பங்கு லஞ்சப் பணமன்று, பெரிய வணிக நிறுவனங்கள் பொய் விலைப்பட்டியல் காட்டி வெளியே கொண்டுபோனது.

சாம்பியாவின் கதை நிவாரணத்தின் வரம்புகளைக் காட்டுகிறது. சுமார் 700 கோடி டாலராக இருந்த அதன் வெளிக்கடன் 2005, 2006-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 50 கோடியாகக் குறைந்தது. 2006 ஏப்ரலில் ஊரக மருத்துவ நிலையங்களில் கட்டணம் நீக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றத்தில் சாம்பியா தொடர்பான இரண்டு வழக்குகள் சில மாத இடைவெளியில் தீர்ந்தன. முன்னாள் அதிபர் பிரெடரிக் சிலுபாவும் கூட்டாளிகளும் நாட்டின் பணத்தில் சுமார் 4.6 கோடி டாலரை மோசடி செய்தனர் என்று ஒன்றில் தீர்ப்பு வந்தது. ஆனால் அத்தீர்ப்பைச் சாம்பியாவில் நிறைவேற்ற முடியவில்லை, உள்நாட்டு நீதிமன்றம் 2009-இல் அவரைக் குற்றவியல் வழக்கிலிருந்து விடுவித்தது. மற்றொன்று, பிணந்தின்னிக் கழுகு நிதியம் என்று அழைக்கப்படும் வகையைச் சேர்ந்த டோனிகல் இன்டர்நேஷனல் தொடுத்த வழக்கு. கட்ட முடியாமல் நிற்கும் நாட்டின் கடன் பத்திரத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கி, அந்நாட்டுக்கு நிவாரணம் கிடைத்துக் கையில் பணம் சேரும் நேரம் பார்த்து முழுத் தொகையையும் வட்டியோடு கேட்டு வழக்குப் போடுவதே இந்நிதியங்களின் தொழில். சாம்பியா 1979-இல் உழவு இயந்திரங்கள் வாங்க ருமேனியாவிடம் பெற்ற கடனை டோனிகல் 1999-இல் சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கியது, 5.5 கோடி டாலர் கேட்டது, நீதிமன்றம் 1.55 கோடி டாலரைக் கொடுக்கச் சொன்னது. உலகம் இரங்கிக் கொடுத்த நிவாரணத்தில் ஒரு பகுதி, மருத்துவ நிலையத்துக்குப் போகாமல், சட்டத்தின் துணையோடே ஒரு தனியாரின் கைக்குப் போயிற்று. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வெட்கப்பட்டு 2010-இல் ஒரு சட்டம் இயற்றியது: நிவாரணத் திட்டத்தில் சேர்ந்த நாடுகளின் பழைய கடனுக்கு, அத்திட்டத்தின்கீழ் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு மேல் எந்த நிதியமும் பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் வழியே வசூலிக்க முடியாது.

அச்சட்டம் பழைய கடனைக் காத்தது. புதிய கடன் வேறு வாசல் வழியாக வந்தது. சாம்பியா 2012-இல் 75 கோடி, 2014-இல் 100 கோடி, 2015-இல் 125 கோடி டாலருக்குப் பன்னாட்டுச் சந்தையில் பத்திரங்களை விற்றது. சாலைகளுக்கும் அணைக்கும் சீன அரசு வங்கிகளிடம் தனியே கடன் பெற்றது. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்டாமல் தவறியது. நிவாரணம் கொடுத்தால் மீண்டும் கடனில்தான் விழுவார்கள் என்று சொன்னவர்கள் இதைச் சான்றாகக் காட்டினர். அவர்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. கடன் தொகை அழிக்கப்பட்டது. கடன் வாங்கும் முறை மாறவில்லை. சீன அரசு நிறுவனங்கள் 24 நாடுகளோடு செய்த 100 ஒப்பந்தங்களைத் திரட்டி ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வொன்று, ஒப்பந்தத்தை வெளியிடக் கூடாது என்ற விதி அவற்றில் பரவலாக இடம்பெறுவதைக் காட்டியது. தன் நாடு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதைச் சட்டப்படியே ஒரு குடிமகனுக்குச் சொல்லக் கூடாது என்பதே அவ்விதியின் பொருள். 2021 ஆகஸ்டில் பதவியேற்ற அதிபர் ஹிச்சிலேமாவின் அரசு கணக்கைத் திறந்து பார்த்தபோது, முந்தைய அரசு சொல்லி வந்ததைவிட வெளிக்கடன் அதிகமாகவே இருந்தது. ஆண்டுக் கடன் திட்டத்தை நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 2022-இல் வந்தது. முதல் தள்ளுபடியின்போதே, பதினாறு ஆண்டுகளுக்கு முன், அதை ஒரு நிபந்தனையாக வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். அப்போது நிபந்தனைகளாக வைக்கப்பட்டவையோ தனியார்மயமும் செலவுக் குறைப்பும்.

கையெழுத்தின் கேள்வி முழு உருவத்தோடு தெரியும் இடம் மொசாம்பிக். பதினைந்து ஆண்டு உள்நாட்டுப் போர் 1992-இல் முடிந்தபின் உலகின் உதவியால் எழுந்து நின்ற அந்நாடு, நிவாரணத் திட்டத்தின் தொடக்கப் பயனாளிகளில் ஒன்று. ஊழலைத் தடுக்கும் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உடன்படிக்கை 2003 ஜூலையில் நிறைவேறியதும் மொசாம்பிக்கின் தலைநகர் மபூட்டோவில்தான். வடக்கே ரொவூமா கடற்பகுதியில் பெரும் எரிவாயு வளம் கண்டுபிடிக்கப்பட்டபின், எதிர்கால எரிவாயு வருமானத்தை நம்பிக் கடன் கொடுக்க வங்கிகள் முன்வந்தன. 2013, 2014-ஆம் ஆண்டுகளில், நாட்டின் உளவுத்துறையோடு தொடர்புடைய மூன்று புதிய அரசு நிறுவனங்கள் சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கின: கடலோரக் காவலுக்கென்று புரோஇண்டிகஸ் 62.2 கோடி, சூரை மீன்பிடிப்புக்கென்று எமாட்டம் 85 கோடி, கப்பல் பழுதுபார்ப்புக்கென்று மாம் 53.5 கோடி. கடன் கொடுக்க ஏற்பாடு செய்தவை சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சுவிஸ் வங்கியும் ரஷ்யாவின் விடிபி வங்கியும். இந்நிறுவனங்கள் கட்டத் தவறினால் நாடே கட்டும் என்ற அரசு உத்தரவாதங்களில் நிதி அமைச்சர் மானுவல் சாங் கையெழுத்திட்டார். அரசமைப்பின்படி பெற வேண்டிய நாடாளுமன்ற ஒப்புதல் பெறப்படவில்லை; எமாட்டத்தின் பத்திரம் சந்தையில் விற்கப்பட்டதால் வெளியே தெரிந்தது, மற்ற இரண்டும் நாடாளுமன்றத்துக்கும் நாணய நிதியத்துக்கும் தெரியாமலே மறைக்கப்பட்டன.

பணம் போன பாதையையும் பார்க்க வேண்டும். கடன் தொகை மொசாம்பிக்கின் எந்த வங்கிக் கணக்குக்கும் வரவில்லை. லண்டனிலிருந்து நேரே, படகுகளையும் கருவிகளையும் தரவிருந்த பிரிவின்வெஸ்ட் என்ற அபுதாபிக் குழுமத்துக்குப் போயிற்று. பிரான்சின் ஷெர்பூர் தளத்தில் கட்டப்பட்ட 24 மீன்பிடிப் படகுகள் மபூட்டோ துறைமுகத்துக்கு வந்து, பெரும்பாலும் கடலுக்குப் போகாமல் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. 2017-இல் வெளியான தணிக்கையில், வாங்கிய பொருள்களுக்குச் சுமார் 70 கோடி டாலர் கூடுதல் விலை வைக்கப்பட்டிருந்ததும், 50 கோடி டாலருக்குச் சரியான கணக்கே இல்லாததும் தெரியவந்தன.

மறைந்திருந்த கடன் 2016 ஏப்ரலில் அம்பலமானதும், நாணய நிதியமும் கொடை நாடுகளும் வரவுசெலவு உதவியை நிறுத்தின. அவ்வுதவியை நம்பி இயங்கிய மருத்துவமனைகளும் பள்ளிகளும் முதலில் அடிபட்டன. நாட்டின் நாணயமான மெட்டிகல் சரிந்தது. இறக்குமதி செய்யும் அரிசி, கோதுமையின் விலை ஏறியது. 2017 ஜனவரியில் அரசு பத்திரத் தவணை தவறியது. நார்வேயின் மிகெல்சன் ஆய்வு நிறுவனமும் மபூட்டோவின் பொது நேர்மை மையமும் 2021-இல் சேர்ந்து செய்த கணக்கின்படி, 200 கோடிக் கடன் நாட்டுக்கு விளைவித்த இழப்பு குறைந்தது 1,100 கோடி டாலர். ஏறத்தாழ 20 லட்சம் பேர் வறுமைக்குள் தள்ளப்பட்டனர். உதவியை நிறுத்தியவர்களின் கோபம் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆனால் கையெழுத்திட்டவரையும் கையெழுத்து வாங்கியவரையும் விட்டுவிட்டு, இருவரையும் அறியாத நோயாளியின் மருந்தை நிறுத்திய செயலை ஊழல் ஒழிப்பு என்று அழைப்பது இயலாது.

பின்னர் நீதி மெல்ல நகர்ந்தது. 2021 ஆகஸ்டில் மபூட்டோவுக்கு அருகே உயர் பாதுகாப்புச் சிறைச்சாலை வளாகத்தில் பெரிய கூடாரம் ஒன்று அமைத்து, 19 பேர் மீதான விசாரணை தொடங்கியது. தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பான அதை நாடே பார்த்தது. 2022 டிசம்பரில், முன்னாள் அதிபர் கெபூசாவின் மகன், உளவுத்துறையின் முன்னாள் தலைவர் உள்ளிட்ட 11 பேர் தண்டிக்கப்பட்டனர். ஆப்பிரிக்க நாட்டின் நீதிமன்றம் தன் ஆளுங்கட்சியின் உயர் வட்டத்துக்குள் கைவைக்காது என்று எண்ணியவர்களுக்கு அது மறுப்பு. தென்னாப்பிரிக்காவில் 2018 டிசம்பரில் கைதான மானுவல் சாங், நெடிய இழுபறிக்குப் பின் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 70 லட்சம் டாலர் லஞ்சம் பெற்ற சதியில் 2024 ஆகஸ்டில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2025 ஜனவரியில் எட்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். கிரெடிட் சுவிஸின் முன்னாள் ஊழியர் மூவர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அவ்வங்கி 2021 அக்டோபரில் அமெரிக்க, பிரிட்டிஷ் அதிகாரிகளோடு சுமார் 47.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அபராதத்தின் பெரும்பகுதி அந்த அரசுகளுக்கே சேர்ந்தது. மொசாம்பிக்குக்குக் கிடைத்தது 20 கோடி டாலர் கடன் தள்ளுபடி. அதைப் பெற்றுத்தந்தவர்கள் பிரிட்டிஷ் நிதிக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் என்பது குறிப்பிடத் தக்கது: கடன் கொடுத்தவரின் குற்றத்துக்காகக் கடனே குறைக்கப்பட்ட அரிய நிகழ்வு அது. 2024 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம், அமைச்சருக்கு லஞ்சம் கொடுத்ததற்காகப் பிரிவின்வெஸ்ட் மொசாம்பிக்குக்கு 80 கோடி டாலருக்கும் மேல் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இத்தனை வழக்குகளுக்கும் நடுவே, மொசாம்பிக் மக்கள் தாமாகச் செய்த ஒன்று போதிய கவனம் பெறவில்லை. அந்நாட்டு அரசமைப்பு, 2,000 குடிமக்கள் கையெழுத்திட்டால் ஒரு சட்டத்தின் செல்லுபடியை அரசமைப்பு மன்றத்தில் கேள்விக்குள்ளாக்க இடமளிக்கிறது. வரவுசெலவுக் கண்காணிப்பு மன்றம் என்ற குடிமக்கள் கூட்டமைப்பு அந்த 2,000 கையெழுத்துகளைத் திரட்டியது. 2019 ஜூனில் எமாட்டம் கடனும், 2020 மே மாதத்தில் மற்ற இரண்டும் அரசமைப்புக்கு முரணானவை, செல்லாதவை என்று மன்றம் அறிவித்தது. பொது நேர்மை மையம், மறைத்து வாங்கிய கடனைக் கட்ட மாட்டோம் என்று அச்சிட்ட சட்டைகளை விநியோகித்தபோது அதைக் காவல்துறை தடுக்கும் அளவுக்கு அவ்வியக்கம் ஆட்சியாளர்களை உறுத்தியது.

இதே காலத்தில் சட்டச் சீர்திருத்தம் ஏதும் வரவில்லை என்று கூற முடியாது. பன்னாட்டு நிதிக் கழகம் என்ற வங்கிகளின் கூட்டமைப்பு 2019-இல், ஏழை நாடுகளுக்குக் கொடுக்கும் கடன் விவரங்களை வங்கிகள் தாமே முன்வந்து வெளியிடுவதற்கான நெறிமுறையை வகுத்தது. தாமே முன்வர வேண்டும் என்பதால் முன்வந்தவர்கள் மிகச் சிலர். ஜி-20 நாடுகள் 2020 நவம்பரில் பொதுச் சட்டகம் என்ற கடன் மறுசீரமைப்பு ஏற்பாட்டைத் தொடங்கின. அதன் வழியே சென்ற சாம்பியா, பத்திரதாரர்களோடு மறுசீரமைப்பை முடிக்க 2024 ஜூன் வரை காத்திருக்க நேர்ந்தது. நாணய நிதியம் இப்போது கடன் நெருக்கடியில் உள்ள நாடுகளின் ஊழல் வாய்ப்புகளை ஆராய்ந்து ஆட்சிமுறை ஆய்வறிக்கைகளை வெளியிடுகிறது; 2022-இல் கடன் தவறிய இலங்கையும் அவ்வாய்வுக்கு உட்பட்டதைத் தமிழ் வாசகர் அறிவர். அவ்வறிக்கைகள் பயனுள்ளவை. ஆனால் அவை கடன் வாங்கியவரின் வீட்டை மட்டுமே சோதிக்கின்றன. கடன் கொடுத்தவரின் கோப்புகளைத் திறப்பதில்லை.

செய்ய வேண்டியது தெளிவாகவே தெரிகிறது. ஆப்பிரிக்க அரசுகளின் பன்னாட்டுப் பத்திரங்களில் பெரும்பாலானவை ஆங்கிலேயச் சட்டத்தின்கீழோ நியூயார்க் மாநிலச் சட்டத்தின்கீழோ எழுதப்படுகின்றன. கடன் வாங்கும் நாட்டின் நாடாளுமன்றம் ஒப்புதல் தராத, எவரும் பார்க்கும் பதிவேட்டில் வெளியிடப்படாத அரசுக் கடனையோ உத்தரவாதத்தையோ தம் நீதிமன்றங்கள் வழியே வசூலிக்க முடியாது என்று அவ்விரு இடங்களின் சட்டமன்றங்களும் விதித்தால், மறைத்துக் கடன் கொடுக்கும் வங்கி தன் சொந்தப் பணத்தைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும். கிரெடிட் சுவிஸில் அந்த உத்தரவாதங்களை ஆராய்ந்த ஒரு வழக்கறிஞர், நாடாளுமன்றத் தீர்மானத்தின் நகல் எங்கே என்று கேட்காமல் கோப்பை மூட முடிந்திராது. கழுகு நிதியங்களுக்கு எதிராக 2010-இல் ஒரே ஒரு சட்டத்தால் பிரிட்டன் செய்து காட்டியதன் நீட்சிதான் இது. அதனால் லண்டனின் நிதித் தொழில் அழிந்துவிடவில்லை.

அப்படியொரு சட்டம் இல்லாமையால் நேர்ந்ததை எமாட்டம் பத்திரம் காட்டுகிறது. மபூட்டோவின் அரசமைப்பு மன்றம் செல்லாது என்று அறிவித்த அந்தக் கடன், அதற்குள்ளாகவே அரசின் நேரடிப் பத்திரமாக மாற்றப்பட்டுவிட்டிருந்தது. 2019-இல் அது 90 கோடி டாலர் மதிப்புள்ள புதிய பத்திரமாக மறுசீரமைக்கப்பட்டது. அதன் வட்டி 2023 செப்டம்பர் வரை 5 விழுக்காடு, அதன் பின்னர் 9 விழுக்காடு. முதிர்வு ஆண்டு 2031. நாட்டின் உயர்ந்த அரசமைப்பு மன்றம் செல்லாது என்று சொன்ன கடனின் வாரிசான அப்பத்திரத்துக்கு, செல்லாது என்று கேட்டுக் கையெழுத்திட்ட அந்த 2,000 பேரும் தங்கள் வரிப்பணத்திலிருந்து வட்டி கட்டும் நிலைக்கு ஆளாகியிருக்கிறார்கள்.